கருப்பட்டிக்கு விலை பேசாதீர்கள்

சென்ற சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்த மைத்துனரை கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிப் பக்கம் அழைத்துப் போயிருந்தேன். கடைக்குக் கடை அவர் விலை பேசிய விதத்தைப் பார்த்தபோது, இருபது வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்தது போல் இருந்தது. பை கொண்டு போங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எங்கள் பக்கம் பொருள் வாங்க வருகிறவர்கள் செய்கிற மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

கிழமை தெரியாமல் கிளம்புவது

மேலப்பாளையம் கால்நடைச் சந்தை செவ்வாய்க்கிழமை. எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை. ஞாயிறு விடுமுறைதானே என்று கிளம்பினால் சந்தையும் இருக்காது, ஆடும் இருக்காது.

கருப்பட்டியைக் குறைத்துக் கேட்பது

என் வயிற்றெரிச்சல் இதில்தான். அக்காள் மகள் சடங்குக்கு உளுந்தங்களி கிண்டப் பத்துக் கிலோ கருப்பட்டி வேண்டியிருந்தது. சாலையோரக் கடை ஒன்றில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டேன். வியாபாரி முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் வேறொரு சாக்கிலிருந்து எடுத்து வந்து நிறுத்துக் கொடுத்தார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் ஆச்சி ஒரு வாய் களி எடுத்து வைத்தாள். நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “கருப்பட்டி எங்கே? இது சீனிக் களி” என்றாள், அத்தான் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும். அக்காள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கணக்கு எளிது. கருப்பட்டி காய்ச்சும் பதநீர் இறங்குவதே வருடத்தில் சில மாதங்கள்தான். ஆடியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். பனையேற ஆள் குறைந்துவிட்டது. காய்ச்ச விறகு வேண்டும். சீனியோ கிலோ ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது, கருப்பட்டி அதைப்போல் பல மடங்கு. சீனிப் பாகைக் கலந்து சிரட்டையில் ஊற்றிவிட்டால் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் எவ்வளவு குறைக்கிறீர்களோ, அவ்வளவு சீனி.

ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த இடம் பளபளத்தால் கீழே வைத்துவிடுங்கள். நல்லது உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் இலேசான கரிப்பு வரும். உடைக்க மறுக்கிற கடையில் நிற்க வேண்டாம். ‘உடன்குடி’ என்று எழுதிய அட்டையையும் நம்ப வேண்டாம். புவிசார் குறியீடு கிடைத்தாலும் கிடைத்தது, எல்லாச் சாக்குக்கும் அதுவே பிறந்த ஊர் ஆகிவிட்டது.

மைத்துனரும் குறைத்துத்தான் கேட்டார். கடைக்காரர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். நான் தடுத்து, முன்னால் இருந்ததையே சொன்ன விலைக்கு நிறுக்கச் சொன்னேன். மைத்துனருக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

பத்தமடைப் பாயை மடிப்பது

சுருட்டுங்கள்.

கருவாட்டை மூக்கால் மட்டும் வாங்குவது

விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். நெத்திலி ஒடிய வேண்டும், வளையக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மீன் தேடுவது

தூத்துக்குடிக் கரையில் ஞாயிறன்று பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை, மீன் ஏலம் நடக்கும் திரேஸ்புரத்துக்குப் போங்கள். கூட்டமும் அன்றுதான், விலையும் அன்று ஏறித்தான் இருக்கும். விலை பேசியே தீருவேன் என்றால் அங்கே பேசிப் பாருங்கள். ஏலம் போடுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.