புறப்படும்போது விமானம் ஓடுபாதையை விட்டு விலகுவது ஏன்?

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவர் காதில் முதல் நாளே விழுவது, "வலது கால், வலது கால்!" என்பதுதான். தப்பில்லை. ஒற்றை இன்ஜின் விமானங்கள் பெரும்பாலானவற்றில், இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும், அது தள்ளுகிற காற்றும் விமானத்தின் உடம்பைச் சுற்றிச் சுழன்று போய் வாலின் இடப்பக்கத்தில் அறையும், வால் வலப்பக்கம் ஒதுங்கினால் மூக்கு இடப்பக்கம்தானே திரும்பும். அதைச் சமாளிக்கத்தான் வலது பெடல், அது வாலில் இருக்கும் ரடர் என்ற திசைதிருப்பும் பலகையை அசைக்கும்.

ஆனால் இதை மருந்தளவு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு, தினமும் அதே அழுத்தம் கொடுப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. சிலேத்தார் ஓடுபாதை 03/21, வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது. மேற்குக் காற்று வீசும்போது 21-இல், அதாவது தென்மேற்கு நோக்கி, புறப்பட்டால் காற்று வலப்பக்கமிருந்து வரும், மூக்கு காற்றை நோக்கித் தானாகவே வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், அந்த நேரத்தில் பழக்கதோஷத்தில் வலது காலையும் அழுத்தினால் புல்தரைக்கு நாமே வழிகாட்டிய மாதிரி ஆகிவிடும். கால் கண்ணைக் கேட்டுத்தான் நகர வேண்டும். கண்ணோ மூக்குக்கு முன்னால் இல்லாமல் பாதையின் கடைசி முனையில் இருக்க வேண்டும், அப்போதுதான் சின்ன விலகலும் உடனே தெரியும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்றை எதிர்த்துத் திறமை காட்ட வேண்டாம். அது கடந்து போகட்டும், காத்திருங்கள்.

அப்புறம் இருக்கை. பூட்டிய பிறகு முன்னும் பின்னும் ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். சரியாக மாட்டாத இருக்கை, வேகம் பிடிக்கும்போது பின்னால் வழுக்கினால் கால் பெடலுக்கு எட்டாது. குதிகால் தரையில் இருக்கட்டும், பாதம் மேலே ஏறியிருந்தால் ரடரோடு பிரேக்கும் சேர்ந்து அழுந்தும். இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சட்டென்று திறக்காதீர்கள், மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கக்காற்றில் ரடரைப் பாதியில் விடுவது பெரிய விமானத்தையும் விட்டுவைக்காது. 2008 டிசம்பர் 20 அன்று டென்வரில் ஒரு போயிங் 737 புறப்பட ஓடியது, இடப்பக்கமிருந்து பலத்த காற்று. பாதையை விட்டு விலகுவதற்குச் சுமார் 4 விநாடி முன்பு கேப்டன் வலது ரடரைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்கிறது விசாரணை. அவருடைய பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் மீறிய காற்று அது. உள்ளே இருந்த 115 பேரும் பிழைத்தார்கள்.

விலகுகிறது என்று தெரிந்ததும் சிலர் அவசரமாக மூக்கைத் தூக்கிப் பறக்கப் பார்ப்பார்கள். வேகம் போதாமல் தூக்கினால் விமானம் எழுந்த மாதிரி எழுந்து, பக்கவாட்டில் சாய்ந்து விழும். தரையில் இருக்கும்போதே முடிவெடுங்கள்: முதலில் த்ராட்டிலை மூடுங்கள், ரடரால் நேராக்குங்கள், அதன்பிறகுதான் பிரேக்.