ஃப்ரோசன் பரோட்டா, ராகி முறுக்கு, மசாலாப் பொடி: அடுத்தவர் கருத்தைப் படித்து வாங்குவது எப்படி?

ஓசூரில் மலையாளிகளுக்கென்று ஒரு கடை, வடநாட்டுச் சாமான்களுக்கென்று ஒரு கடை என்று தேடினால் எல்லாமே கிடைக்கிறது. கிருஷ்ணகிரியில் இருந்து போகிறவர்கள் ஃப்ரீசர் பக்கம் நின்றுகொண்டு போனில் கருத்துகளைப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் அந்தக் கூட்டம்தான். ஒரே பரோட்டாவுக்கு ஒருவர் "பூ மாதிரி இருக்கு" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார். அடுத்தவர் "பச்சை மாவு, காசு தண்டம்" என்று ஒன்று போட்டிருப்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

1. கருத்துகளைச் சலிப்பது

சராசரி நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். "டெலிவரி லேட்", "பாக்கெட் நசுங்கியிருந்தது" வகையறாவையும் தள்ளிவிடுங்கள், அது பொருளைப் பற்றிய பேச்சே இல்லை. எனக்குப் பிடித்தது மூன்று நட்சத்திரக்காரர்கள்தான். "ருசி பரவாயில்லை, ஆனால் உப்பு தூக்கல், தயிரோடு சாப்பிட்டால் சரியாகிறது" என்று எழுதுகிறவர் நிஜமாகவே சாப்பிட்டிருக்கிறார்.

தேதியையும் பாருங்கள். பாமாயிலுக்கு மாறுவது, எடையைக் குறைப்பது எல்லாம் பாக்கெட்டின் முகம் மாறாமலேயே நடக்கும். பழைய பாராட்டு இன்றைய பாக்கெட்டுக்குச் செல்லாது.

2. பாக்கெட்டைத் திருப்புவது

நொறுக்குத்தீனிக்கு இதுதான் முதல் வேலை. சேர்பொருள் பட்டியலில் எடையில் அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். பெயரிலேயே "ராகி" என்று பெரிதாகப் போட்டால், அதில் ராகி எத்தனை சதவீதம் என்றும் சொல்லியாக வேண்டும். கேழ்வரகும் சாமையும் விளைகிற தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களிடமே அரிசி மாவு முதலில், மைதா இரண்டாவது, ராகி பத்து சொச்சம் சதவீதம் என்று ஒரு "ராகி முறுக்கை" விற்கிறார்கள். களி கிண்டிச் சாப்பிட்ட நாக்குக்கு ஒரு கடியில் தெரிந்துவிடும். ஆனால் கடிப்பதற்கு முன் காசு கொடுத்தாயிற்றே!

உப்புக் கணக்கு எளிது. சோடியம் மில்லிகிராமில் இருக்கும், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்ட 150 கிராம் மிக்சர் பாக்கெட்டைக் காலி செய்தால் 3 கிராம் உப்பு உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராமுக்குள் என்கிறது. "ஒரு பரிமாறல் 30 கிராம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 30 கிராமோடு கையை எடுக்கிறவரை நான் பார்த்ததில்லை.

"கைவிட முடியவில்லை, அப்படி ஒரு ருசி" என்று எல்லோரும் எழுதியிருந்தால் 621, 627, 631 என்ற எண்களைத் தேடுங்கள். சுவையைத் தூக்கிக் காட்டும் சேர்மானங்கள் அவை, 621 என்பது அஜினோமோட்டோ என்று நாம் சொல்வது. அனுமதிக்கப்பட்டவைதான், பயமுறுத்தவில்லை. ருசி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வாங்கலாம், அவ்வளவுதான்.

3. மசாலாப் பொடி

சிறிய பாக்கெட்டில் ஆரம்பியுங்கள். பிரியாணியில் போட்டுச் சோதிக்காதீர்கள், அதில் ஆயிரம் வாசனை. உருளைக்கிழங்கை வேகவைத்து, சூடான எண்ணெயில் பொடியைப் பத்து விநாடி புரட்டி, கிழங்கைப் போட்டுக் கிளறுங்கள். இரண்டு பிராண்டு என்றால் இரண்டு கிண்ணம். பட்டியலில் உப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். "குழம்பு உப்புக் கரித்தது" என்ற கருத்துகளில் பாதி, பொடியிலேயே உப்பு இருப்பதைக் கவனிக்காமல் வழக்கம்போல உப்பு போட்டவர்களுடையது.

பெருங்காயத்திலும் இதே கதை. நாம் வாங்குவது பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கோந்தோ சேர்த்த கூட்டுப் பெருங்காயம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் பட்டியலைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

4. ஃப்ரோசன் (இங்கேதான் எல்லோரும் சறுக்குவது)

முதலில் கையால் பாருங்கள். பட்டாணி பாக்கெட்டைக் குலுக்கினால் கூழாங்கல் மாதிரி தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தாலோ, உள்ளே பனித்தூள் அப்பியிருந்தாலோ எங்கேயோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட கடைக்கு நான் மறுமுறை போவதில்லை. தேதி எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி.

அப்புறம் பஸ். உறைந்த பொருளை மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும் என்று பாக்கெட்டிலேயே இருக்கும். ஓசூரில் ஏறி கிருஷ்ணகிரி ரவுண்டானா வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சித்திரை வெயிலில் ஜன்னல் ஓரம் வைத்த பாலித்தீன் பையில் மைனஸ் எங்கே இருக்கும்? ஃப்ரோசனைக் கடைசியாக எடுங்கள். எல்லா ஃப்ரோசனையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்கி, செய்தித்தாளில் நாலைந்து சுற்று சுற்றி, கனமான துணிப்பையில் வையுங்கள். கடையில் விற்கும் வெள்ளி நிற வெப்பத்தடுப்புப் பை இன்னும் நல்லது, காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஒரே கருவி என்பேன். வீட்டுக்கு வந்ததும் இளகியிருந்தால் மறுபடி ஃப்ரீசரில் போடாதீர்கள். அன்றைக்கே சமைத்துவிடுங்கள், கோழி அயிட்டம் என்றால் கட்டாயமாக.

ஃப்ரீசர் கதவில் சில ஃப்ரிட்ஜ்களில் பனி நட்சத்திரக் குறி இருக்கும். மின்சாரச் சிக்கன நட்சத்திரம் வேறு, இது வேறு. ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. ஒற்றை நட்சத்திரத்தில் ஒரு வாரம், இரட்டையில் ஒரு மாதம், மூன்றில் பாக்கெட்டில் போட்ட தேதி வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். குறியே இல்லையா? ஐஸ்கிரீம் கப் ஒன்றை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் கரண்டி சுலபமாக இறங்கினால், அந்த ஃப்ரீசரை நம்பி மாதக்கணக்கில் எதையும் வைக்காதீர்கள். ஆக, இந்த ஒரு இடத்தில் மட்டும் நட்சத்திரத்தை நம்பலாம்.

இப்போது அந்தப் பரோட்டா சண்டை. கடையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பாதி வேகவைத்து உறைய வைத்தது. மேலே லேசான பழுப்புப் புள்ளிகள் தெரியும், இரண்டு நிமிடத்தில் சூடாக்கிச் சாப்பிடலாம். இன்னொன்று, வேகாத மாவு. வெள்ளையாக இருக்கும், நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து அடுக்கியிருப்பார்கள். இரண்டாவது வகையை முதல் வகை போலச் சுட்டவர்கள்தான் "பச்சை மாவு" என்று எழுதுகிறார்கள்.

வேகாத வகையை வெளியே வைத்து இளக விடாதீர்கள். இளகினால் மாவு தாளோடு ஒட்டிக் கிழியும். கல் மாதிரி இருக்கும்போதே தாளை உரித்து நேராகத் தோசைக்கல்லில் போடுங்கள். நான்ஸ்டிக்கைவிட இரும்புக்கல்தான் என் கட்சி, சூடு சட்டென்று இறங்காது. தீ மிதமாக இருக்கட்டும். எண்ணெய் இப்போது வேண்டாம். ஓரம் வெந்து நிறம் மாறி, அடியில் புள்ளி விழுந்ததும் திருப்புங்கள், அப்புறம் ஓரத்தில் அரை ஸ்பூன் எண்ணெய். இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் எடுத்து, துணியில் வைத்து இரு பக்கமிருந்தும் தட்டினால் அடுக்கு பிரியும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாகவே நிற்கும்.

சமோசா, நக்கெட்ஸ் எல்லாம் உறைந்தபடியே எண்ணெயில். ஒட்டியிருக்கும் பனியைத் தட்டிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். நாலு நாலாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, "ஒரே எண்ணெய்க் கசிவு" என்று நீங்களும் ஒற்றை நட்சத்திரம் போடுவீர்கள்.

5. நீங்கள் கருத்து எழுதும்போது

எந்த மாதத் தயாரிப்பு, எப்படிக் கொண்டுவந்தீர்கள், எதில் எவ்வளவு நேரம் சமைத்தீர்கள், உங்கள் வீட்டுக் காரம் எந்த அளவு, இந்த நாலையும் எழுதுங்கள். "சூப்பர்" மட்டும் போதாது.

பிறகு சேர்த்தது: மாம்பழக் கூழ் டின் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். மாம்பழ ஊரில் இருந்துகொண்டு டின்னா என்று சிரிக்க வேண்டாம், சீசன் முடிந்தால் நாங்களும் அதைத்தான் தேடுகிறோம். சர்க்கரை சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு உண்டு. "ரொம்பத் திகட்டுது" என்று எழுதியவர்கள் சேர்த்ததை வாங்கி, மேலே இன்னும் சர்க்கரை போட்டு மில்க்ஷேக் அடித்தவர்கள். சேர்பொருளில் மாம்பழக் கூழுக்கு அடுத்துச் சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திறந்த பிறகு டின்னிலேயே வைக்காமல் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். மிச்சமிருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டியபோது இரண்டு கட்டி எடுத்துக்கொள்ளலாம்.