மின்சாரக் காரில் நெடுந்தூரம்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

சென்ற மாதம் விக்கிரவாண்டி அருகே காருக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தேன். புத்தம் புதிய காரில் மனைவி, குழந்தைகளோடு வந்திறங்கிய இளைஞர் ஒருவர், "அண்ணா, இங்க அறுபது பர்சன்ட் போட்டா போதும்ல? திருச்சி தாண்டி ஒரு ஹோட்டல்ல கன் இருக்கு, அங்க போயி மாட்டிக்கலாம்" என்றார். கன் என்பது சார்ஜ் நிலையத்தில் காரில் மாட்டும் துப்பாக்கி போன்ற முனை. அந்தக் கன் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். "ஆப்ல அவைலபிள்னு காட்டுதே அண்ணா!" என்று கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 2021-இல் நானும் அதே பச்சை நிறப் புள்ளியை நம்பித்தான் கிளம்பினேன்.

முழுச் சார்ஜுடன் கிளம்புவது, கார் கம்பெனி கொடுத்த சார்ஜரை வீட்டில் மறந்து வைக்காமல் இருப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை ஒரு முறை மறந்தவர் மறுமுறை மறப்பதில்லை.

சான்றிதழில் உள்ள ரேஞ்சை நம்புவது

என்னுடையது 2020-இல் வந்த முதல் தலைமுறை டாடா நெக்ஸான் மின்சாரக் கார். பேட்டரி 30.2 யூனிட், சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம், 312 கிலோமீட்டர். நான்கு வழிச் சாலையில் 90-இல் ஓட்டினால் எனக்குக் கிடைப்பது 200 தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சோதனை ஓட்டத்தின் சராசரி வேகம் நம் நெடுஞ்சாலை வேகத்தைவிட மிகக் குறைவு. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. 80-இலிருந்து 110-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

எதிர்க்காற்றையும் காரின் வேகத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நேருக்கு நேர் சந்திப்பார்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? அம்மியையே பறக்கவிடும் காற்று, உங்கள் ரேஞ்சில் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுபோனால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஏசியை அணைத்துவிட்டுப் புழுங்குவது

வேண்டாம். ஏசி மணிக்கு ஒரு யூனிட் அளவில் எடுக்கும். வேகத்தைப் பத்துக் கிலோமீட்டர் குறைத்தால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

ஒரே ஒரு கன்னை நம்பிப் போவது

என் சித்தப்பா மகன் கோவில்பட்டியில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்திருந்தான். முகூர்த்தம் விடியற்காலை நான்கரை முதல் ஆறு மணி வரை. முந்தைய நாள் பகலில் தாம்பரத்திலிருந்து கிளம்பி, விழுப்புரத்துக்கு அருகிலும் பெரம்பலூரிலும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, மாலை ஏழு மணிக்குத் திருச்சியைத் தொட்டபோது 40 விழுக்காடு மிச்சம் இருந்தது. அங்கிருந்த கன்னில் வேறொரு கார் நின்றது. காத்திருக்க மனம் வரவில்லை. திருச்சிக்கும் மேலூருக்கும் நடுவே ஓர் உணவக வளாகத்தில் ஒரு கன் காலியாக இருப்பதாகச் செயலி காட்டியது. தூரம் 60 கிலோமீட்டர். கையில் 80 கிலோமீட்டருக்குச் சார்ஜ் இருக்கும்போது என்ன கவலை என்று காரை எடுத்துவிட்டேன்.

9 விழுக்காட்டுடன் போய்ச் சேர்ந்தேன். உணவகத்தில் சீரியல் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. சார்ஜரின் திரை மட்டும் இருண்டு கிடந்தது. காவலாளி, "மத்தியானம் இடி இடிச்சதுல இருந்து இப்படித்தான் சார் கிடக்கு" என்றார். செயலியில் அப்போதும் பச்சைதான். மதுரை 75 கிலோமீட்டர், திரும்பிப் போனால் திருச்சி 60 கிலோமீட்டர், என்னிடம் இருந்ததோ 18 கிலோமீட்டர்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "15 ஆம்பியர் பிளக் எங்கும் கிடைக்கும்" என்ற ஆறுதலைப் புதியவர்கள் அதிகம் சொல்லிக்கொள்கிறார்கள். பிளக் கிடைக்கும், எர்த் கிடைக்காது. பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரர் கிரைண்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு இடம் கொடுத்தார். காருடன் வந்த சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிட்டது. எர்த் இல்லாத இணைப்பில் அது வேலை செய்யக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதை ஏமாற்றுவதற்கென்று விற்கப்படும் சின்னச் சின்னச் சாதனங்களை வாங்காதீர்கள். மழையில் நனைந்த காரின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் தொடுபவர் உங்கள் குழந்தையாகக்கூட இருக்கலாம். கடைசியில் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த வெல்டிங் பட்டறையில்தான், தனியாக எர்த் குழி தோண்டி வைத்திருந்த புண்ணியவான் கிடைத்தார். ஒன்பதரைக்கு மாட்டினேன். அந்த பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட்கூட முழுதாக ஏறாது. இரண்டு மணிக்குக் கழற்றி, மதுரை வரை அறுபதைத் தாண்டாமல் உருட்டி, அங்கே ஒரு மணி நேரம் நின்று, கோவில்பட்டியை அடைந்தபோது ஏழு மணி ஆகிவிட்டது. பால் காய்ச்சி முடித்து இட்லி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து இன்றைக்கும் எந்த விசேஷத்துக்கு அழைப்பு வந்தாலும், "முந்தாநாளே கிளம்பிருண்ணே" என்ற வரி இல்லாமல் வருவதில்லை.

தவறு அந்த உணவகத்தில் நடக்கவில்லை. திருச்சியிலேயே நடந்து முடிந்துவிட்டது. செயலி காட்டும் பச்சைப் புள்ளி, அந்தப் பெட்டி கடைசியாகத் தன் சர்வருக்குச் சொன்ன செய்தி மட்டுமே. பெட்டி செத்துப்போனால் அதைச் சொல்லவும் ஆள் இல்லை. சில செயலிகள் பழைய நிலையையே காட்டிக்கொண்டிருக்கும். பெட்டி உயிரோடிருந்தாலும், மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போய்விட்டால் கடை விளக்குகள் எரியும், வேகச் சார்ஜர் ஓடாது. அந்த இடத்தில் யாரோ பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு மாடியில் அறை எடுத்துத் தூங்குவதையோ, இரவு பத்து மணிக்கு வாயிற்கதவைப் பூட்டிவிடுவதையோ எந்தச் செயலியும் சொல்லாது. ஒரே பெட்டியில் இரண்டு கன்கள் தொங்கினால் அதை இரண்டு நிலையங்களாக எண்ணாதீர்கள். பெட்டி பழுதானால் இரண்டும் போகும். பழுதாகாவிட்டாலும் இரண்டு கார்கள் நின்றால் பெட்டியின் 60 கிலோவாட் திறன் பெரும்பாலும் முப்பது முப்பதாகப் பிரிந்துவிடும்.

"எப்போதும் 20 விழுக்காடு மிச்சம் வையுங்கள்" என்ற அறிவுரையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னைக்குள் 20 விழுக்காடு தாராளம். அடுத்த கன் 75 கிலோமீட்டரில் இருக்கும் இடத்தில் அதே 20 விழுக்காடு என் காருக்கு வெறும் 40 கிலோமீட்டர். ஆகவே மிச்சத்தை விழுக்காட்டில் அளக்காமல் தூரத்தில் அளக்க வேண்டும். நீங்கள் போக நினைக்கும் நிலையம் வரையிலான தூரத்தோடு, அது செயல்படாவிட்டால் முன்னாலோ பின்னாலோ அதற்கு மிக அருகில் வேறொரு நிறுவனத்தின் கன் இருக்கும் தூரத்தையும் கூட்டி, அதன்மேல் பத்து விழுக்காடு சேர்த்து, அவ்வளவு சார்ஜ் இருந்தால் மட்டுமே கிளம்புங்கள். அன்று எனக்கு 60-உம் 60-உம் 120, அதன்மேல் 12. என்னிடம் 80 இருந்தது. திருச்சியில் இன்னும் 26 விழுக்காடு ஏற்றியிருந்தால் கணக்கு சரியாகியிருக்கும். வேகச் சார்ஜரில் அது இருபது நிமிட வேலை.

கணக்கு ஒத்துவராத ஊர்களும் உண்டு. அங்கே போவதற்கு முன் தொலைபேசியில் பேசிவிடுங்கள், ஆனால் "சார்ஜர் வேலை செய்யுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கல்லாவில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "செய்யுது சார்" என்பார். "இன்னிக்குக் கடைசியா எந்த வண்டி சார்ஜ் போட்டுச்சு?" என்று கேளுங்கள்; அதற்குப் பதில் சொல்ல அவர் காவலாளியைக் கூப்பிட்டாக வேண்டும். பிளக்ஷேர் போன்ற செயலிகளில் முன்பு வந்துபோனவர்கள் தேதியுடன் குறிப்பு எழுதியிருப்பார்கள். மூன்று நாளைக்கு முன் ஒருவர் வெற்றிகரமாகச் சார்ஜ் ஏற்றியிருக்கிறார் என்ற குறிப்பு, பச்சைப் புள்ளியைவிட மதிப்புள்ளது.

செயலிகளைச் சாலையோரத்தில் தரவிறக்குவது

வீட்டிலேயே செய்யுங்கள், பணத்தையும் வீட்டிலேயே போட்டு வையுங்கள். ஓடிபி வரக் கைப்பேசிக்குச் சிக்னல் வேண்டும்.

மலையைத் தட்டையான சாலையாக எண்ணுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான்; அதைப் பார்த்துவிட்டுக் கால்வாசி பேட்டரி போதும் என்று கிளம்புகிறார்கள். ஆனால் அந்த 50 கிலோமீட்டருக்குள் கார் 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,800 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே ஒன்பது யூனிட்டுக்கு மேல் ஆகும். மோட்டாரில் வீணாவதையும் வழக்கமான ஓட்டச் செலவையும் சேர்த்தால் பதினைந்தைத் தொடும். என் பேட்டரியில் அது சரிபாதி. ஆகவே மலையடிவாரத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இறங்கும்போது இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. விடுதியில் இரவெல்லாம் மாட்டி 100 விழுக்காடு நிரப்பிக்கொண்டு காலையில் இறங்குகிறார்கள். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக இயங்கி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், அதற்குப் பேட்டரியில் இடம் வேண்டும். நிரம்பிய பேட்டரி அதை வாங்காது. சுமை முழுவதும் கால் பிரேக்கின் மேல் விழுந்து, சில வளைவுகளுக்குள் கருகிய வாடை வந்துவிடும். 70 விழுக்காட்டோடு இறங்கினால் பிரேக்கும் குளிர்ச்சியாக இருக்கும், அடிவாரத்தில் இரண்டு மூன்று யூனிட் கூடியும் இருக்கும்.

வேகச் சார்ஜரில் 100 விழுக்காடு வரை நிற்பது

80-ஐத் தாண்டியதும் பேட்டரியைக் காப்பதற்காகக் கார் தானே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடைசி 20 விழுக்காட்டுக்கு ஆகும் நேரத்தில் நீங்கள் அடுத்த ஊரை நெருங்கியிருப்பீர்கள். கணக்குக்கு 90 தேவைப்பட்டால் நில்லுங்கள், தேவையில்லாமல் நிற்காதீர்கள். நின்றாலும் காரின் பக்கத்தில் இருங்கள், அல்லது கண்ணாடியில் உங்கள் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அன்று திருச்சியில் கன்னில் மாட்டியிருந்த கார் 93 விழுக்காட்டில் இருந்தது. அதன் உரிமையாளர் எங்கோ சாப்பிடப் போயிருந்தார்.