குவே ஆற்றில் படகேறிச் சயாம் மரண ரயில் பாதையைப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக்கில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், "அவர் சயாமுக்குப் போனவர்" என்று பாட்டி ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் திரும்பி வரவில்லை என்று பொருள். பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். அந்தச் சயாம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனபோதுதான், இன்று தாய்லாந்து எனப்படும் அந்த நாட்டின் காஞ்சனபுரி ஊரைப் பார்த்தேன். இதுவரை மூன்று முறை போய்வந்துவிட்டேன். முதல் பயணத்தைச் சரியாகத் திட்டமிடாமல் பாழாக்கிக்கொண்டேன். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம்.

அடிப்படைச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை, இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய ராணுவம் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் தொகை இதைப்போல் பல மடங்கு. மதிப்பீடுகள் வேறுபட்டாலும், அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் கணிசமான பகுதி.

படி 1: வீட்டில் கேளுங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. மலேசியா, சிங்கப்பூரில் வேர் உள்ள குடும்பமாக இருந்தால், ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போனவர் யாராவது உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர், தோட்டத்தின் பெயர், கூட யார் போனார்கள் என்று கிடைத்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிடைப்பது வெறும் பெயராக இருந்தாலும் போதும். இந்தத் தாள் கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 2: காலமும் வழியும்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போவது நல்லது. வெயில் தாங்கும்படி இருக்கும், ஆறும் அமைதியாக ஓடும். ஏப்ரலில் வெயில் கொளுத்தும். மழைக்காலத்தில் நீர் செம்மண் நிறத்தில் வேகமாகப் போகும். படகு போகும், ஆனால் துறைகளில் இறங்கும் படிகள் வழுக்கும்.

காஞ்சனபுரி பாங்காக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து பஸ்ஸும் மினிவேனும் உண்டு. ரயிலில் போக விரும்பினால், பாங்காக்கின் பெரிய நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள். ஆற்றுக்கு மேற்கே உள்ள தோன்புரி என்ற சிறிய நிலையத்திலிருந்துதான் இந்த ரயில் புறப்படும். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. விசிறி மட்டும் உள்ள மூன்றாம் வகுப்புப் பெட்டிதான். என்றாலும், பழைய மரண ரயில் பாதையில் இன்னும் ரயில் ஓடும் பகுதி வழியாக 'நாம் தோக்' என்ற நிலையம் வரை போவது இதுதான் என்பதால் நான் ரயிலையே சொல்வேன்.

இரண்டு இரவு தங்குங்கள். பாங்காக்கிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் சுற்றுலாவில்தான் நான் முதல்முறை போனேன். புகழ்பெற்ற குவே ஆற்று ரயில் பாலத்தில் கால் மணி நேரம் விட்டார்கள், படம் எடுத்தோம், சாப்பிட்டோம், திரும்பினோம். ஒரு தமிழர் பற்றியும் ஒரு சொல் இல்லை. அன்றிரவு பாட்டியின் முகம் நினைவுக்கு வந்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

படி 3: ஆற்றின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

நாம் 'குவாய்' என்று எழுதிப் பழகிவிட்டோம். தாய் மொழியில் அந்த ஒலிப்புக்கு எருமை என்று பொருள். ஆற்றின் பெயர் 'குவே'. கிளையாறு என்று அர்த்தம். குவே நோய் என்றால் சின்னக் கிளையாறு, குவே யாய் என்றால் பெரிய கிளையாறு. இரண்டும் காஞ்சனபுரி ஊரருகே கூடி மே குளோங் ஆறாகின்றன. இதைத் தெரிந்துகொண்டால் படகுக்காரரிடம் வழி பேசுவது எளிது. புகழ்பெற்ற பாலம் இருப்பது பெரிய ஆற்றில். ரயில் பாதை பாலத்தைக் கடந்தபின் பிடித்துக்கொண்டு போவது சின்ன ஆற்றின் கரையை.

ஏன் ஆற்றங்கரை? காட்டுக்குள் அரிசியும் காய்கறியும் கருவிகளும் போனதில் பெரும்பங்கு இந்த ஆற்றின் வழியாகத்தான். மழையில் பாதைகள் சேறாகிவிட்ட பிறகு படகை விட்டால் வேறு வழி இல்லை. எனவே முகாம்கள் பல ஆற்றங்கரையிலேயே அமைந்தன. படகில் போகாமல் இந்த வரலாறு முழுதாகப் புரியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 4: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

படகோட்டி வேறு, வழிகாட்டி வேறு. படகோட்டிகள் பெரும்பாலும் தாய் மொழி மட்டுமே பேசுவார்கள். இறக்கிவிடுவார்கள், காத்திருப்பார்கள், அவ்வளவுதான். கதை சொல்ல ஒருவர் தேவை. தங்கும் விடுதியில் கேட்டாலே ஏற்பாடு செய்து தருவார்கள். பணம் பேசுவதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஆசியத் தொழிலாளர்களின் முகாம்கள் எங்கே இருந்தன? அவர்களுடைய எலும்புகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன? இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரோடு போங்கள். பாலம் பற்றிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' சினிமாக் கதையை மட்டும் சொல்பவரானால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படகு வாடகை வழக்கமாக ஒரு படகுக்கு மொத்தமாகப் பேசப்படும், தலைக்கு இவ்வளவு என்றல்ல. நான்கைந்து பேர் சேர்ந்தால் சிக்கனம். எந்தெந்த இடத்தில் நிற்கும், எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைத் துறையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

படி 5: முதல் நாள், கரையிலேயே

படகேறும் முன் தாய்லாந்து–பர்மா ரயில் பாதை மையத்துக்குப் போங்கள். பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. பாதையின் மாதிரி, வரைபடங்கள், முகாம் வாழ்க்கை எல்லாம் அங்கே தெளிவாகக் கிடைக்கும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர். வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள், கல்லுக்குக் கல் பூச்செடி. பெயர், படைப்பிரிவு, வயது பொறித்த தகடுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று வந்துகொண்டே இருக்கும். கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள்; இறந்தவர் பெயரை ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். நம் ஆட்களுக்கு எழுதுவார் இல்லை. 1943 மழையில் காலரா பரவியபோது மூங்கில் குடிசைகளில் கிடந்தவர்களைக் குழியில் போட்டு மூடினார்கள், அல்லது எரித்தார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மறுநாள் படகேறுங்கள்.

மாலையில் நேரம் இருந்தால் பாக் பிரேக் தெருவில் ஒரு நடை. அங்கே பூன்போங் என்ற வணிகரின் பழைய கடைவீடு நிற்கிறது. முகாம்களுக்குப் பொருள் கொடுக்கும் ஒப்பந்தம் பெற்று ஆற்றில் படகோடு மேலே போனவர், காய்கறிகளோடு மருந்தையும் பணத்தையும் கைதிகளுக்கு மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். மறுநாள் நீங்கள் போகும் அதே ஆறுதான் அவர் போன வழி.

படி 6: படகேறுதல்

வாட் சாய் சும்போன் கோயில் படகுத்துறை நல்ல தொடக்க இடம். கோயில் வளாகத்திலேயே 1977-இல் தொடங்கிய ஜீத் போர் அருங்காட்சியகம் இருக்கிறது, கைதிகளின் மூங்கில் குடிசை வடிவில். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து என்று நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. அந்த எழுத்துகளுக்குள் மலாயாவும் இல்லை, பர்மாவும் இல்லை. வழிகாட்டியிடம் அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.

படகின் பெயர் 'ரூவா ஹாங் யாவ்', நீண்ட வால் படகு. ஒல்லியான மரப்படகின் பின்னால் ஒரு பெரிய என்ஜின், அதிலிருந்து நீண்ட இரும்புத் தண்டு, அதன் நுனியில் விசிறி. ஓட்டுபவர் அந்தத் தண்டையே திருப்பிப் படகைச் செலுத்துவார். ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் நடுப்பலகையில் வையுங்கள். ஒருவர் உட்கார்ந்த பிறகு அடுத்தவர் ஏறுங்கள். உயிர்காப்பு மேலாடையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், நீச்சல் தெரிந்தாலும். துறையை நெருங்கும்போது விரல்களைப் படகின் விளிம்பிலிருந்து எடுத்துவிடுங்கள். தூணுக்கும் படகுக்கும் நடுவே நசுங்கும். தொப்பிக்கு நாடா வேண்டும். தொலைபேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.

எல்லாவற்றையும்விட முக்கியம்: அந்த என்ஜின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. வழிகாட்டி சொல்வது அத்தனையும் இரைச்சலில் போய்விடும். ஆகவே புறப்படும் முன்பே, இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் ஒருமுறை, சுங்காய் துறைக்கு முன் ஒருமுறை, பாலத்தின் கீழே ஒருமுறை என்ஜினை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். நான் இரண்டாவது பயணத்தில்தான் இதைக் கற்றேன். என்ஜின் அடங்கியதும் படகு தானாக நீரோடு நகர்ந்தது. மூங்கில் புதர்கள் உரசும் ஓசை கேட்டது. கரையில் யாரோ துணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிசப்தத்தில் வழிகாட்டி கையை நீட்டி, "அந்த மேடு முழுவதும் முகாம்" என்றார். அங்கே இப்போது மரவள்ளி நிற்கிறது.

படி 7: சுங்காய்

சின்ன ஆற்றில் சற்று மேலே போனால் சுங்காய். போரின்போது பெரிய முகாமும் மருத்துவமனையும் இருந்த இடம். கல்லறைகள் இங்கே 1,700-க்கும் மேல். பெரும்பாலும் அந்த மருத்துவமனையில் இறந்தவர்கள்; கைதிகளே தோண்டிய இடுகாடு இது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் போலக் கூட்டம் இருக்காது. நான் போன காலையில் தோட்டக்காரர் ஒருவர் மண்டியிட்டு ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் புல்லைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு கை நம் ஆட்களின் மேட்டுக்கும் வேண்டாமா என்று நெஞ்சு அடைத்தது.

அங்கிருந்து காவ் பூன் குகைக் கோயிலுக்கும் படகில் போகலாம். அதன் அருகே பாறையை வெட்டிப் பாதை போட்ட இடம் இருக்கிறது. கோயில் என்பதால் தோளையும் முழங்காலையும் மூடும் உடை வேண்டும்.

படி 8: பாலம், கடைசியில்

திரும்பி வந்து பெரிய ஆற்றில் ஏறுங்கள். பாலத்தைக் கீழிருந்து பார்த்தால் ஒன்று தெரியும்: வளைவான இரும்புச் சட்டங்கள் பழையவை, ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. நடுவே கோண வடிவில் இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் உடைந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப்பின் வைத்தவை. மேலே ஏறி நடக்கலாம். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் சிறு மேடைகள் உண்டு.

இன்னொரு நாள் இருந்தால் ரயிலில் 'தாம் கிராசே' நிலையம் வரை போய்வாருங்கள். பாறைச் சரிவை ஒட்டி, ஆற்றுக்கு மேலே, சுமார் 400 மீட்டர் மரத்தூண் பாலம். அதற்கும் மேலே, ஊரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் ஹெல்ஃபயர் கணவாய். இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் பாறையை உளியால் பிளந்த இடம். ஆஸ்திரேலிய அரசு அங்கே நடத்தும் விளக்க மையத்தில் ஒலி வழிகாட்டி தருவார்கள். நடக்கத் தண்ணீரும் நல்ல செருப்பும் வேண்டும்.

படி 9: வாட் தாவோன்

சுற்றுலாக்காரர்கள் பலர் விட்டுவிடும் இடம் இது. பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே வாட் தாவோன் வராராம் கோயில். தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த தூபி இங்கேதான் இருக்கிறது. 2024-இல் தமிழர்களுக்கான நடுகல்லும் இங்கே திறக்கப்பட்டது. வழிகாட்டியையும் கூட அழைத்துப் போங்கள். அடுத்து வருகிறவர்களுக்கு அவர் வழி காட்டுவார்.

வழியில் மல்லிகை மாலை விற்பார்கள். தாய் மொழியில் அதற்குப் 'புவாங் மாலய்' என்று பெயர். கேட்டதும் புரிந்துவிடும். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தூபியின் முன் மாலையை வையுங்கள். பிறகு முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, அதில் உள்ள பெயரை வாய்விட்டுப் படியுங்கள். நான் பாட்டியின் அண்ணன் பெயரையும், அவர் புறப்பட்ட தோட்டத்தின் பெயரையும் படித்தேன். பக்கத்தில் நின்ற வழிகாட்டி, எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, இரண்டு முறை தாமும் சொல்லிப் பார்த்தார்.