வீட்டு மரம் புயலில் சாய்ந்தால் என்ன செய்வது

ராத்திரி அடித்த காற்றில் வீட்டு மரம் சாய்ந்து கிடந்தால், ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்க்கத்தான் மனசு துடிக்கும். எங்கள் வேம்பு விழுந்த அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது. போகாதீர்கள். கிளைகளுக்குள் மின்கம்பி சிக்கியிருக்கலாம், ஈர மரமும் ஈரத் தரையும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி அறுந்து கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து இணைப்பைத் துண்டித்தாயிற்று என்று சொல்லும்வரை யாரையும் கிட்டே விடாதீர்கள்.

கம்பி இல்லை, வீட்டின் மேலோ வழியிலோ விழவில்லை என்றால் மரத்தை வெட்டி அகற்ற அவசரமே இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பதற்றத்தில் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வெட்டி ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளவில்லையே என்று பிறகு வருந்துகிறவர்கள் நிறையப் பேர். முதலில் நாலா பக்கமும் படம் எடுங்கள். காப்பீடு இருந்தால் அதற்கும் உதவும்.

இளமரமா? அடிமரம் 10 செ.மீ. கனத்துக்குள் இருந்து, பாதி வேராவது மண்ணுக்குள் இருந்தால் நிமிர்த்திவிடலாம். வெளியே தெரியும் வேரை உடனே ஈரச் சாக்கால் மூடுங்கள், வெயில் பட்டால் மெல்லிய வேர்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே மெதுவாகத் தூக்கி நிறுத்தி, கிழிந்த வேரை மட்டும் சீராக நறுக்கி, இரண்டு பக்கமும் கொம்பு நட்டுத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். பெரிய மரத்தை நிமிர்த்தி வைத்தாலும் நம்ப முடியாது, அடுத்த காற்றுக்கு மறுபடி விழும்.

அப்புறம் வெட்டுவது. வேரோடு பெயர்ந்த மரத்தில் தண்டின் கனம்தான் வேர்ப்பகுதியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தண்டை அறுத்ததும் அந்தக் கனம் போய்விடும், மண்ணோடு எழும்பி நிற்கும் வேர்ப்பகுதி படாரென்று பழைய குழிக்குள் திரும்பி விழும். குழிக்குள் ஆள் இருந்தால் உயிர் போய்விடும். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையும் வெட்டியதும் வில் மாதிரி தெறிக்கும். இதற்கு அனுபவமுள்ள ஆள்தான் வேண்டும்.

அவர்கள் வருவதற்குள் கிளைகளுக்குள் கூடு இருக்கிறதா பாருங்கள். ஒட்டுக் குச்சியையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மாமரம் என்றால் பென்சில் கனத்துக் குச்சிகளை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் வைத்து, நர்சரியில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தால் அதே மரம் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. பூவரசும் முருங்கையும் போத்து, அதாவது கனமான கிளைத் துண்டு, நட்டாலே துளிர்க்கும். தண்டு ஒடிந்து வேர் அசையாமல் நின்றால், வேம்பு மாதிரி மரங்களின் அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள், துளிர்க்கிறதா என்று சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள்.

நினைவுக்கு மரம் வேண்டுமென்றால் நீளவாக்கில் பலகையாக அறுக்கச் சொல்லுங்கள். குறுக்கே வட்டமாக அறுத்தது காயும்போது பெரும்பாலும் பிளந்துவிடும். பலகையின் இரு முனைகளிலும் அன்றைக்கே பெயின்ட் பூசி, இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். 2.5 செ.மீ. கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் காய வேண்டும்.

விழுந்த வேரையும் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வேம்பில் ஒரு பக்க வேர்கள் எல்லாம் ஒரே கோட்டில் மொட்டையாக நின்றன, சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அறுத்தது. அந்தப் பக்கம் பிடிமானமே இல்லாமல் அது அத்தனை வருஷம் நின்றிருக்கிறது. அதனால் புதுக் கன்றைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, பழைய குழிக்கும் ஓரிரு மீட்டர் தள்ளி நட்டோம். தண்டு விரியும் அடிப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

மரத்தடியில் இருந்த நிழல் செடிகளை மறந்துவிடாதீர்கள். நேர் வெயில் பழக்கமில்லாததால் ஓரிரு நாளிலேயே இலை கருகும், நான்கு குச்சி நட்டுப் பழைய புடவையையாவது மேலே கட்டிவிடுங்கள்.