அப்பாவின் பழைய பிக்கப்பை என்ன செய்வது? எல்லோரும் விடும் தவறுகள்

வீட்டுப் பெரியவர் போன பிறகு, வளவில் நிற்கும் பழைய டீசல் பிக்கப்பை என்ன செய்வது என்ற பேச்சு வரும். திருகோணமலையில் அது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. யாராவது ஒரு பற்றரியைக் கொண்டுவந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவார்கள். அது உறுமியதும் "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்று தீர்ப்பு வந்துவிடும். முதல் தவறு அதுதான். பழைய ஹைலக்ஸோ நிசானோ, கடைசியாகச் சாவது எஞ்சின். முதலில் பார்க்க வேண்டியது பதிவுப் புத்தகம், அடுத்தது சேஸி (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), அதன் பிறகே எஞ்சின்.

பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது? பல வருடங்களுக்கு முன் கட்டி முடித்த கடனின் நிதி நிறுவனம் இன்னும் அதில் உரிமையாளராக நிற்கலாம். அந்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பெயர் மாறாது. இன்னும் மோசமான நிலை, அப்பாவும் ஓப்பன் பேப்பரில், அதாவது முந்தைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தோடு வாங்கி, கடைசிவரை தன் பெயருக்கு மாற்றாமலே ஓட்டியிருப்பது.

இதைவிட ஆபத்தான குறுக்குவழி ஒன்று உண்டு. அலுமாரியில் அப்பா கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவம் கிடைக்கும். திகதியை மட்டும் போட்டு விற்றுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இறந்தவரின் கையெழுத்தில் நடந்த விற்பனை பிறகு பொலிஸ், வழக்கு என்று இழுக்கும். வண்டி இப்போது வாரிசுகளின் சொத்து. உயில் இல்லாவிட்டால் பொதுச் சட்டப்படி தாய்க்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதி. முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு. ஆகவே கனடாவில் இருக்கும் அண்ணாவின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். சொத்தின் மொத்தப் பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றம் வரை போக வேண்டி வரலாம். விலை பேசுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

அடுத்தது சேஸி. இந்த ஊரில் உப்புக் காற்று ஒரு பக்கம், மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் இன்னொரு பக்கம். மீன் ஏற்றிய வண்டியென்றால் பின்பெட்டிக்குக் கீழே, பின் அச்சுக்கு மேலே வரும் பகுதியைத்தான் துரு முதலில் தின்னும். வள்ளத்தை இறக்கக் கடலுக்குள் பின்னால் விட்ட வண்டியென்றால் சொல்லவே வேண்டாம். கறுப்புத் தார் பூசி அழகாக இருந்தால் அதை நம்ப வேண்டாம். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கியது மொத்தென்று கேட்கும். சேஸி இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்பதும் முக்கியம். அந்த இடத்தை வெட்டி வெல்டிங் செய்துவிட்டால் பதிவே சிக்கலாகும். இதையெல்லாம் பார்க்காமல் பெயின்டுக்கும் சீற்றுக்கும் காசு கொட்டுவது வீண்.

நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே முடுக்குவதும் தவறு. டாங்கியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அது பம்ப்புக்குள் போனால் செலவு பெரிது. பழைய டீசலை இறக்கி, ஃபில்டரையும் ஒயிலையும் மாற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். 2எல், 3எல் டொயோட்டா எஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்; ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். நிசான் டிடி27க்கு அந்தக் கவலை இல்லை, அது பற்சக்கரத்தில் ஓடுவது. பிரேக்கைச் சரிபார்க்காமல் றோட்டுக்கு எடுக்கவே வேண்டாம்.

விலை விஷயத்தில் பழைய கதைகளை நம்பாதீர்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது தகரம்கூடத் தங்க விலைக்குப் போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பக்கத்து வீட்டார் விற்ற விலையைப் பிடித்துக்கொண்டிருந்தால், வண்டி துருவேறிக்கொண்டே நிற்கும்.

கந்தளாயில் வயலோ கிண்ணியாவில் வள்ளமோ இருந்து, சேஸியும் நல்லதாக இருந்தால் வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். வேலை இல்லாமல் சும்மா நிறுத்தி வைப்பதானால், பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்தில் அறிவித்து வையுங்கள். இல்லாவிட்டால் வண்டிக்கு வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் நிலுவையும் தண்டமும் ஏறும். இரும்புக்குக் கொடுப்பதாக முடிவானாலும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை ரத்துச் செய்த பிறகே வெட்ட விடுங்கள்.