சந்தையில் மிஞ்சும் காய்கறி, பி.பி.ஆர். வீட்டு அடுப்புக்கு: இளையோர் குழு ஆரம்பிக்கிறவர்களுக்கு

கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தையில் ராத்திரியில்தான் வியாபாரம் சூடுபிடிக்கும். கேமரன் மலையிலிருந்து லோரியில் வரும் கோஸ், தக்காளி, சாவி என்கிற கடுகுக் கீரை எல்லாம் விடிவதற்குள் கைமாறிவிடும். வெளிச்சம் வந்த பிறகு போனால் மிச்சம் கிடக்கும்: வெளி இலை பழுத்த கோஸ், வளைந்த கேரட், அடிப்பக்கம் நசுங்கிய ஒரு பெட்டித் தக்காளி. தவ்கேக்கு, அதாவது கடை முதலாளிக்கு, அது இடத்தை அடைக்கும் குப்பை. அதில் பாதிக்கு மேல் அன்றைக்கே குழம்பு வைக்கலாம்.

நான் செந்தூலில் டியூஷன் எடுக்கிறவள். படிவம் 4, 5 பிள்ளைகளையும் (பதினாறு, பதினேழு வயது), காலேஜுக்குப் போய்விட்ட பழைய மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் இந்த மிச்சத்தை ஒரு பி.பி.ஆர். (வசதி குறைந்தவர்களுக்கான அரசு வீட்டுத் திட்டம்) அடுக்குமாடிக்குக் கொண்டுபோகிறோம். உங்கள் பக்கத்திலும் செய்ய நினைத்தால், முதலில் ஒரே சந்தை, ஒரே பிளாக், ஒரே கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இடத்துக்கு ஒருமுறை போவதைவிட ஒரே இடத்துக்கு வாராவாரம் போவதுதான் அந்த வீடுகளுக்கு உதவும். இந்தச் சனிக்கிழமை காய் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு அம்மா காய் வாங்கும் காசை வேறு செலவுக்கு ஒதுக்க முடியும்.

அரிசி, மைலோ, மீ (நூடுல்ஸ்) பாக்கெட் கட்டிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளைப் பற்றி யுனிசெஃப் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதன்படி அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 23 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஒரே பிளாக்கில் இரண்டும். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. மீ பாக்கெட் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். காய்கறி கொடுக்கத்தான் ஆள் இல்லை, ஏனென்றால் அது அழுகும்.

போவதற்கு முன் குடியிருப்பாளர் சங்கத்திடம் அனுமதி வாங்குங்கள். கீழ்த்தள மண்டபத்தில் இடம், எத்தனை மணிக்கு வந்தால் வசதி, எந்த வீட்டில் படி இறங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். என்ன காய் வேண்டும் என்றும் கேளுங்கள். எங்கள் பிளாக்கில் மலாய்க்காரர், தமிழர், சீனர் என்று யாரைக் கேட்டாலும் வெங்காயமும் மிளகாயும்தான் முதலில் வந்தன. நாங்களோ புரோக்கோலி கனவோடு போயிருந்தோம்!

அப்புறம் சந்தை. முதல் வாரம் வெறுங்கையோடு போய், கடைசி வியாபாரம் முடியும் வரை ஓரமாக நில்லுங்கள். வாங்குகிற ஆள் இருக்கும்போது மிச்சத்தைப் பற்றிப் பேசினால் தவ்கேக்கு எரிச்சல்தான் வரும். கூட்டம் கலைந்ததும், "பாஸ், இனி நாக் புவாங் கா?" என்று கேளுங்கள். இதை வீசப் போறீங்களா என்று மலாயில் கேட்பதுதான், வேறொன்றுமில்லை. சாப்பிட்டு யாருக்காவது வயிற்றுக்கு ஆகவில்லை என்றால் என் தலையில் விழுமே என்று தயங்குகிறவர்களிடம், மலேசியாவின் 2020-ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவருக்கு அது பாதுகாப்பு தருகிறது. அலட்சியமாகக் கெட்டதைக் கொடுத்தால் தராது. சட்டத்தைவிட, சொன்ன நேரத்துக்கு வந்து, எடுத்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போவதுதான் அவர்களை அதிகம் நம்ப வைக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளர்களையும் மறக்காதீர்கள். எந்தப் பெட்டி நல்லது என்று தவ்கேயைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளைகளுக்கு மூடிய காலணியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். சிலிப்பரோடு வந்தால் வண்டியிலேயே உட்கார வைத்துவிடுங்கள். ஈரத் தரையில் எலி ஓடும் இடம் அது. எலியின் சிறுநீரிலிருந்து லெப்டோஸ்பிரோசிஸ் என்கிற எலிக் காய்ச்சல் வரும், காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்லதைப் பொறுக்கி எடுப்பதுதான் இந்த வேலையின் உயிர். அதைச் சந்தையிலேயே முடித்துவிட வேண்டும். பூசணம் பிடித்த தக்காளியை எடுக்கக்கூடாது. அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டால் சரி என்று யாராவது சொல்வார்கள். கேரட் போன்ற கெட்டிக் காய்க்கு அது பொருந்தும், தண்ணீர்ச் சத்துள்ள காய்க்குப் பொருந்தாது. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கீரையைக் கழுவிக் கொண்டுபோகாதீர்கள். ஈரத்தோடு அடுக்கினால் போய்ச் சேர்வதற்குள் குழைந்துவிடும். கனமானது அடியில், தக்காளி தனியாக, கீரை மேலே. மீன், இறைச்சி, தேங்காய்ப்பால், கல்யாண மண்டபத்துச் சமைத்த சாப்பாடு எதையும் தொடாதீர்கள். ஐஸ் பெட்டியும் குளிர்சாதன வண்டியும் வைத்திருக்கிறவர்கள் அதைச் செய்யட்டும்.

சந்தேகமாக இருந்தால் பிள்ளையிடம் ஒரே கேள்வி கேட்பேன்: இதை உன் அம்மாவிடம் கொடுப்பாயா? பதில் முகத்திலேயே தெரிந்துவிடும்.

கொடுக்கும் முறையில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். பை கட்டி நீட்டாதீர்கள். மேசை போட்டு, பசார் கடை மாதிரி காய்களை வகைவகையாக அடுக்குங்கள். வருகிறவர்கள் வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும். பாகற்காய் பிடிக்காத வீட்டுக்குப் பாகற்காய் கொடுத்தால் அது மறுபடியும் குப்பைக்குத்தான் போகும். வரிசைக்கு எண் சீட்டு கொடுங்கள், தள்ளுமுள்ளு இருக்காது. குறைவாக இருக்கும் காய்க்கு மட்டும் வீட்டுக்கு இத்தனை என்று எழுதி வையுங்கள். பையை அவரவர் கொண்டுவர வேண்டும் என்று மலாயிலும் தமிழிலும் முதல் வாரமே லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். படி இறங்க முடியாதவர்களுக்கு மாணவர்கள் இருவர் இருவராக மாடிக்குக் கொண்டுபோகட்டும். வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்தால் போதும். வாங்குகிறவர்களைப் படம் எடுக்கக்கூடாது. இன்ஸ்டாகிராமுக்குப் படம் வேண்டுமென்றால் கோஸை எடுக்கட்டும், அது கோபித்துக்கொள்ளாது.

அழுகினதும் ஓரத்து இலையும் நிறைய மிஞ்சும். அதை பிளாக்கின் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தால் சந்தைக் குப்பையை இடம் மாற்றினோம், அவ்வளவுதான். நாங்கள் பக்கத்துப் பள்ளித் தோட்டத்தில் உரமாக்குகிறோம். பச்சைக் கழிவு ஒரு பங்கென்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு. கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. வாரம் ஒருமுறை கிளறினால் சில மாதங்களில் மண் வாசனை வந்துவிடும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், இன்னும் இலை போடுங்கள். நம் மழைக்கு மூடி இல்லாமல் முடியாது. சோறு, எண்ணெய்ப் பலகாரம் போட்டால் எலி வரும். எலி வந்தால் பள்ளி அதோடு கதவைச் சாத்திவிடும், அதில் நியாயமும் உண்டு.

பள்ளியின் புறப்பாட (பாடத்துக்கு வெளியே உள்ள) நடவடிக்கைக்குச் சான்றிதழ் வேண்டும் என்று வருகிற மாணவர்களை விரட்டாதீர்கள். எதற்கு வந்தால் என்ன, தூக்குகிற பெட்டி ஒன்றுதான். ஆனால் வந்த நாளைக் குறித்து வைத்து, வந்த அளவுக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் படிவம் 5 காணாமல் போய்விடும். அதனால் வாட்ஸ்அப் பட்டியலில் வண்டி ஓட்டுகிற காலேஜ் பிள்ளைகள் எப்போதும் இரண்டு பேராவது இருக்கட்டும், அவர்களுக்குப் பெட்ரோல் காசை யார் தருவது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி நிறையக் கடைகள் மூடியிருக்கும், சரக்கும் வராது. அந்த வாரம் காய் வராது என்று குறைந்தது ஒரு வாரம் முன்னாலேயே பிளாக்கில் ஒட்டிவிடுங்கள்.